மணக்காத குப்பை

ஓமந்தையிலிருந்து கொக்கிளாய் வரை உள்ள மூக்குகளையெல்லாம் தராசின் ஒரு தட்டில் போட்டு, மறு தட்டில் மூக்கரின் மூக்கை மட்டும் வைத்தால், மூக்கரின் தட்டுத்தான் தாழும். நான் செயலாளராக இருந்த பிரதேச சபையில் அவர் குப்பை அள்ளும் உழவு இயந்திரத்துத் தொழிலாளி. கொக்கிளாய் மீன்பிடிக் குடும்பத்துக் கிறிஸ்தவர்; ஊர்ப் பேச்சில் வேதக்காரர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

குப்பை மேட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்து மோந்து பார்ப்பார்.

"இது போன கிழமைக் கலியாண வீடு, சேர். இப்பதான் புளிக்கத் தொடங்கியிருக்கு."

மண்டபப் பதிவேட்டைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

மேடு நிறைந்ததும் கிரவல் மண் போட்டு மூடினோம். மூக்கர் அதில் ஆறு பிளாஸ்டிக் குழாய்களை நட்டுவிட்டார். அனுமதியும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. பல வருடம் தற்காலிகமாக உழைத்தவரின் நிரந்தர நியமனம் அப்போதுதான் என் மேசைக்கு வந்திருந்தது. விசாரணையில் இருப்பவருக்கு நியமனம் இல்லை என்பது விதி. விதிப்படி விசாரணையைத் தொடங்கி, மூன்று பிரதிகளில் விளக்கம் கேட்டேன். பதில் வந்தது: "குப்பை மூச்சு விட அனுமதி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை."

நேரில் அழைத்தேன்.

"மூடினாப் பிறகு உள்ளுக்குக் காத்துப் போகாது, சேர். காத்தில்லாமச் சீவிக்கிற கிருமியள் இருக்கு. எங்கட சோறு, இலை எல்லாத்தையும் திண்டுபோட்டு எரியிற வாயுவை விடுதுகள்."

"உமக்கு எப்படித் தெரியும்?"

"களப்புச் சேத்தில கம்பு குத்தினாக் குமிழி வரும். சின்னனில நெருப்புக் காட்டி விளையாடினனாங்கள்."

"இப்ப மேட்டில மணமே இல்லையே."

"அதுதான் பயம். மணக்கிறது சொல்லிப்போட்டு வரும். எரியிறதுக்கு மணமில்லை."

மூக்கால் பேர் வாங்கிய மனிதர் மணமில்லாத ஒன்றுக்குச் சாட்சி சொன்னார். 'ஆதாரம் இல்லை' என்று விசாரணைக் கோவையில் எழுதினேன்.

பிறகு அந்த மேட்டில் வாசிகசாலை கட்டச் சபை தீர்மானித்தது. அடிக்கல் விழாப் படத்தில் குழாய்கள் விழக் கூடாதென்று பிடுங்குவித்தவன் நான். மழைக்காக, வெட்டிய குழியை இரண்டு நாள் தறப்பாளால் இறுக்கி மூடச் சொன்னவனும் நான்தான்.

விழாக் காலையிலும் தூறல் நிற்கவில்லை. ஐயர் தறப்பாளின் ஒரு மூலையைத் தூக்கி, குழிக்குள் கற்பூரம் கொளுத்தக் குனிந்தார். மூக்கர் பாய்ந்து நெருப்புப்பெட்டியைப் பறித்தார்.

"வேதக்காரனுக்கு எங்கட பூசையில என்ன வேலை?" என்றார் சபைத் தவிசாளர்.

"பூசை நடக்கட்டும். முடிக்கிறதுக்கு ஐயர் இருக்கவேணுமெல்லோ."

எல்லோரையும் விலகச் சொல்லி, நீண்ட மூங்கிலின் நுனியில் கற்பூரத்தைக் கட்டிக் கொளுத்தி, தறப்பாளுக்குக் கீழே நீட்டினார். 'டுப்' என்றது. தறப்பாள் குடைபோல எழும்பி, ஓரமெல்லாம் நீலமாக எரிந்து விழுந்தது. தவிசாளர் எப்போது வேலிக்கு அப்பால் போனார் என்று ஒருவரும் காணவில்லை.

ஐயர் மட்டும் நிதானமாக மூக்கரைப் பார்த்து, "தம்பி, அந்தக் குழாயளைத் திரும்ப நட்டுவிடும்," என்றார்.

விசாரணையை நிறுத்த ஒரே வழி, முறைப்பாட்டாளர் முறைப்பாட்டை மீளப் பெறுவது. முறைப்பாட்டாளர் நான். அன்றே காரணம் எழுதினேன்: "முறைப்பாட்டாளருக்கு விஷயம் தெரியாது." மூன்று பிரதிகள்.

நியமனக் கடிதத்தை வாங்கிய மூக்கர் அதையும் மோந்து பார்த்தார். "அலுமாரிக்குள்ள கனநாள் கிடந்திருக்கு, சேர்."

நான் ஓய்வுபெற்றுவிட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் மூக்கரின் உழவு இயந்திரச் சத்தம் கேட்டதும், மனைவியின் கையிலிருந்து குப்பை வாளியை வாங்கிக்கொண்டு நானே கேற்றடிக்குப் போவேன். பல நாட்களில் வாளிக்குள் ஒன்றுமே இருக்காது.