மாமனார் தலையில் விழுந்த சாமந்திக் குண்டு

ஒன்றுமே தெரியாதவனால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஆபத்தானவன். அதிலும் அந்த அரைகுறையைப் பெண் கொடுக்கப்போகிறவரிடமே காட்டினால், கேட்கவே வேண்டாம்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியைச் சுற்றிக் கரும்புக்கு டிரோனில் மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் பெண் பார்த்தார்கள். எனக்குக் கவிதாவைப் பிடித்தது. அவளுக்கும் என்னைப் பிடித்தது (ஏன் என்று இன்றுவரை சொன்னதில்லை). அவள் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை.

“பொம்மய பறக்கவுட்டுக்கினு இருக்கறதெல்லாம் ஒரு வேலையா தம்பி? வெள்ளிக்கிழம எங்கூர்ல தேரு. மேலேர்ந்து ஆத்தாளுக்குப் பூ போடுங்க. அப்புறம் பேசுவோம்.”

பூதானே! பழைய போர் விமான வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். ஆரம்ப காலத்து விமானிகள் குண்டை மடியில் வைத்துக்கொண்டு போய்க் கையாலேயே வீசியிருக்கிறார்கள் (பஸ்ஸில் இடம் பிடிக்கத் துண்டு போடுகிற மாதிரி!). பிறகு விமானத்துக்கு அடியில் கொக்கியில் மாட்டி, உள்ளிருந்து கம்பியை இழுத்து விட்டிருக்கிறார்கள். குண்டு நேர்கீழே விழாதாம். விமானத்தின் வேகத்தோடு முன்னால் போய் விழுமாம். அதனால் கொஞ்சம் முன்கூட்டியே விட வேண்டுமாம். சில சமயம் கொக்கி சிக்கிக்கொண்டு, குண்டோடு திரும்பி வந்து இறங்க வேண்டியிருக்குமாம். அந்த இடத்தை மட்டும் ஓட்டிவிட்டேன். நல்ல காரியத்துக்குப் போகும்போது எதற்கு அபசகுனம்?

டிரோனுக்கு அடியில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு, சாமந்தியை நிரப்பினேன். பையின் வாயை வாழைநாரால் சுருக்கு முடிச்சுப் போட்டேன். பட்டனை அழுத்தினால் சின்ன மோட்டார் நார் நுனியை இழுக்கும், முடிச்சு அவிழும். பூ வாடக்கூடாதே என்று பை நனைய நனையத் தண்ணீர் தெளித்தேன். நார் ஊறி, முடிச்சு இறுகிப்போனது இந்த மேதைக்குத் தெரியவில்லை.

தேர் கிளம்பியது. மேளம் தூள் பறந்தது. வீடியோவில் சொன்னபடி தேருக்குக் கொஞ்சம் முன்னாலேயே பட்டனை அழுத்தினேன். ஒரு இதழ்கூட விழவில்லை. மறுபடி அழுத்தினேன். ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

“இன்னாப்பா, பூ வருமா, நாங்க ஏறிப் போய் எடுத்துக்கினு வரட்டா?” என்றது ஒரு குரல்.

அதற்குள் பேட்டரி குறைய, டிரோன் என்னைக் கேட்காமலே கிளம்பின இடத்துக்குத் திரும்பியது. அங்கே கவிதாவின் அப்பா, புது வெள்ளைச் சட்டையில், சொந்தக்காரர்களைச் சேர்த்து வைத்து, “நம்ம பொண்ண கேட்டு வந்த பையன்தான் வுடறாரு. கெட்டிக்காரரு” என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். (பாவி மனுஷன், இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!)

“மாமா, நவுருங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர் நகராமல் அண்ணாந்து பார்த்தார். டிரோன் இறங்கும் குலுக்கலில் முடிச்சு விட்டுக்கொடுத்தது. ஈரச் சாமந்தி மொத்தமும் ஒரே உருண்டையாக அவர் தலையில் தொப்பென்று விழுந்தது. மூக்குக்கண்ணாடி எங்கே போனதென்றே தெரியவில்லை.

என் கல்யாணம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அழுகையே வந்துவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு காரியம் தொடங்குமுன் சாமியிடம் பூ கேட்பார்கள். மேலிருந்து பூ விழுந்தால் சாமிக்குச் சம்மதம் என்று அர்த்தம். தேர்மேல் நின்ற பூசாரி பூ விழுந்ததைப் பார்த்துப் பரவசமாகிக் கத்தினார்: “ஆத்தா பூ குடுத்துட்டாடா! கூடையோட குடுத்துட்டா!”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கவிதாவின் அப்பா காதில் ஒட்டியிருந்த இதழை எடுத்தபடியே என்னை முறைத்தார். ஊர் முன்னால் ஆத்தாளை எதிர்த்துப் பேச முடியுமா?

“தேதி பாக்கச் சொல்லுங்க” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

இப்போதும் எங்களுக்குள் சண்டை வந்தால் கவிதா அப்பாவுக்குத்தான் போன் போடுவாள். “இப்பிடி ஒருத்தர புடிச்சி என் தலையில கட்டிட்டியேப்பா!”

மாமனார் பதில் எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே வரும்: “நானா கட்டுனேன்? அது மேலேர்ந்து வந்து வுழுந்துச்சு. மொதல்ல என் தலையிலதாம்மா வுழுந்துச்சு!”