கயிற்றுக்குக் கரைப் பக்கம் நின்றவர்

தன் கல்யாணத்துக்குத் தானே தடை சொன்ன ஆள் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் கடற்கரையில் இருந்தார். மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று. தடை இருந்தால் சொல்லுங்கள் என்பார் சாமியார். இரண்டாவது ஞாயிறு மாப்பிள்ளையே எழுந்தார்.

“ஆட்சேபணை சாமி.”

பெண்ணின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

“பொண்ணோட அய்யா பேரைத் தப்பா வாசிச்சிட்டீக. திருத்தி வாசிங்க.”

அன்றிலிருந்து அவர் பேர் ஆட்சேபணை. சொந்தப் பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

ராமேஸ்வரம் தீவில் எங்கள் நாட்டுப்படகுச் சங்கம் பெரியது. ஆயிரத்துச் சொச்சம் பேர். பொதுக்கூட்டம் என்றால் எல்லாரும் மணலில் உட்காருவோம். ஓட்டு எடுக்க ஒரு நங்கூரக் கயிறு. அதை மணலில் நீளமாகப் போடுவோம். தீர்மானம் வேண்டும் என்கிறவர்கள் கடல் பக்கம். வேண்டாம் என்கிறவர்கள் கரைப் பக்கம். கயிறு போடுவது என் வேலை. நான் பார்த்தவரை ஒரு கூட்டம் தவறாமல் கரைப் பக்கம் நின்றவர் ஆட்சேபணை அண்ணன். சில நாள் துணைக்கு ஆள் இருக்கும். பல நாள் நாய் இருக்கும்.

ஒரு தடவை ஐஸ் பெட்டி வாங்கத் தீர்மானம். மொத்தப் பேரும் கடல் பக்கம் போய் நின்றாயிற்று. எண்ணப் போகும்போது ஒருத்தன் கத்தினான்.

“ஏலே, வள்ளம் அத்துக்கிட்டுப் போகுதுலே!”

காற்று அப்படி. எல்லாரும் தண்ணீரில் குதித்தோம். வள்ளத்தைப் பிடித்துக் கட்டிவிட்டு நனைந்து வந்தால், அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். செயலாளரிடம் சொல்கிறார்:

“எண்ணு. இந்தப் பக்கம் ஒண்ணு. அந்தப் பக்கம் சைபர். தீர்மானம் தோத்துப்போச்சு. எழுதுப்பா.”

“அண்ணே, போனது ஒங்க வள்ளம்ணே!”

“தெரியும். அதான் நீங்க அம்புட்டுப் பேரும் போயிட்டீகள்ல. பெறகு நான் எதுக்கு?”

எழுதினோம். தோற்ற தீர்மானத்தை ஆறு மாதம் திரும்பக் கொண்டுவர முடியாது. விதி அப்படி. ஆறு மாதம் மீன் நாறியது.

அந்தக் கூத்துக்குப் பிறகுதான் விதியை மாற்றும் பேச்சு கிளம்பியது. மாற்றச் சில வருஷம் ஆனது. ஐம்பது பேருக்கு ஒரு பிரதிநிதி. பேர் எழுதி மடித்துப் போடுகிற சீட்டு ஓட்டில் எடுப்பது. பிரதிநிதிகள் மட்டும் கூட்டத்துக்கு வந்து பேசுவது. நியாயமான மாற்றம்தான். ஆயிரம் பேர் தொழிலை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்திருக்க முடியாது. வீடு வீடாகப் போய் விளக்க நிர்வாகிகள் ஆள் போட்டார்கள். ஆட்சேபணை அண்ணன் வீட்டுக்குப் போக ஆள் இல்லை. என்னை அனுப்பினார்கள்.

அப்போது அவர் தனி ஆள். மனைவி இறந்திருந்தார். பிள்ளை இல்லை. வள்ளமும் கைமாறிவிட்டது. கூட்டத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை மட்டும் தேய்த்து ஆணியில் தொங்கியது.

நான் சொல்லி முடித்தேன். கேட்டார்.

“பிரதிநிதி ஆவாதவன் ஓரமா வந்து நிக்கலாமா?”

“முடியாதுண்ணே.”

“அம்பது பேருல எனக்கு எவன்லே போடுவான்?”

ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அங்கன உக்காந்து நாலு வார்த்த பேசுறதுதான் எனக்கு மிச்சம். அதையும் எடுக்கப் போறீக.”

“ஆமாண்ணே” என்றேன்.

கடைசிப் பொதுக்கூட்டத்தில் தீர்மானத்தை முன்மொழிந்தது நான். அவர் எழுந்தார்.

“ஆட்சேபணை. கூட்டத்தன்னைக்குப் பிரதிநிதி கடல்ல கெடந்தா, அந்த அம்பது பேருக்கு யாரு பேசுவா?”

அத்தனை பேரும் கடலுக்குப் போகிறவர்கள். ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. மாற்று ஆள் ஒருத்தர் என்று அங்கேயே ஒரு வரி சேர்த்தோம். சேர்த்த பிறகும் அவர் கரைப் பக்கம்தான் போனார். அன்று நாய்கூட இல்லை. நான் கடல் பக்கம் நின்றேன். முன்மொழிந்தவன் வேறு எங்கே நிற்பது. முடிந்து நான் கயிற்றைச் சுருட்டும்போது அவர் வந்து மறுமுனையைத் தூக்கிக் கொடுத்தார்.

எங்கள் தெருவுக்குச் சீட்டு ஓட்டு வந்தது. நின்றது இரண்டு பேர். அவரும் நானும். என்னை நிர்வாகிகள் நிறுத்தினார்கள். ஓலைப் பெட்டியில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஐம்பது பேரும் சீட்டுப் போட்டோம். எண்ணினார்கள். எனக்கு நாற்பத்தொன்பது. அவருக்கு ஒன்று.

“தன் ஓட்டத் தானே போட்டுக்கிட்டாருடோய்!” என்று பயல்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். வெள்ளைச் சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு அவருக்குக் கூட்டம் இல்லை. நான் போனேன். கூட்டமெல்லாம் வெள்ளென முடிந்தது. நல்லது என்றார்கள்.

போன மழைக்கு அவர் இறந்துபோனார். தூக்கினவர்களில் நானும் ஒருத்தன்.

அவருக்கு விழுந்த அந்த ஒரு சீட்டு அவர் போட்டதில்லை. நான் போட்டது. அப்படியானால் அவர் சீட்டு எனக்குத்தான் விழுந்திருக்கிறது. ஒரு மனுஷனுக்கும் ஆதரவாகப் போய் நிற்காதவர், யாரும் பார்க்காத இடத்தில் என் பேருக்குப் போட்டிருக்கிறார்.

அந்த ஒன்று யாருடையது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் கடைசிவரை அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.