மீசைக்காரன் வெளியே வரவில்லை

ஐந்து நாளாக மீசைக்கார மீன் தொட்டிக்குள் கிடந்த மண்குழாயை விட்டு வெளியே வரவில்லை. பார்க்கப் பார்க்க சூப்பிரண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சோம்பேறி! வெள்ளரிக்காய் வெட்டிப் போட்டிருக்கேன், எட்டிப் பார்க்குதா பாரு!"

"உள்ளே முட்டை இருக்குங்க. அப்பன் மீன்தான் காவல் காக்கும். அதுபாட்டுக்கு இருக்கட்டுமே," என்றாள் மனைவி.

"உனக்கு என்ன தெரியும்? நான் மூணு புஸ்தகம் படிச்சிருக்கேன்."

வாங்கினார், அது வாஸ்தவம். ஆபீசில் ஃபைலைத் திறக்காமலே கையெழுத்துப் போடுகிற மனிதர். புத்தகத்தையும் அப்படித்தான் படித்தார்.

பிளெக்கோ என்பது கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்கிற கறுப்பு மீன். ஆணுக்கு மூக்கின்மேல் மீசை உண்டு. ஒரு ஜோடி வாங்கி வைத்து ஒன்றரை வருஷமாகக் குஞ்சு பொரிக்கப் பார்க்கிறார். மீன்கள் தங்கள் கடமையை ஒழுங்காகத்தான் செய்தன. இவருக்குத்தான் கை சும்மா இருக்காது. ஒவ்வொரு ஈட்டு முட்டையையும் நோண்டிக் கெடுத்துவிட்டு, "கொட்டிடு" என்று மனைவி கையில் கொடுப்பார்.

போன ஞாயிறு மைத்துனன் வந்திருந்தான். தையல்காரன், வாயும் கத்திரிக்கோலும் ஒரே கூர்மை.

"என்ன அத்தான், இன்னும் ஒரு குஞ்சுகூடக் காணோம்? மீன் சரியில்லையா, ஆள் சரியில்லையா?"

சூப்பிரண்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அடுத்த ஞாயித்துக்கிழமை குஞ்சு காட்டலைன்னா, இந்தத் தொட்டியையே நீ தூக்கிட்டுப் போடா!"

சொன்ன பிறகுதான் தொட்டி போய்விடுமே என்று உறைத்தது. அந்த வீட்டில் அவர் பேச்சை எதிர்த்துப் பேசாத ஜீவன்கள் அந்தத் தொட்டிக்குள்தான் இருந்தன. அதையும் விட்டுவிட்டு யாரிடம் போய் அதிகாரம் செய்வது?

வியாழக்கிழமை பொறுமை போய்விட்டது. கரண்டிக் காம்பால் குழாயில் நாலு தட்டுத் தட்டினார். மீசைக்கார மீன் பதறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு முட்டைக் கொத்தும் உருண்டு வந்து விழுந்தது.

"ஐயையோ, விழுந்துடுச்சே! அதைத் தொடாதீங்க," என்றாள் மனைவி.

"விட்டா தின்னுடும்டி!"

பெற்ற அப்பனைப் பிடித்து வாளியில் போட்டார். முட்டையைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தார். வாலால் விசிறிவிட ஆளில்லாமல், சாயங்காலத்துக்குள் நாலைந்து முட்டை வெளுத்துவிட்டது. உடனே பூசணத்துக்கான நீல மருந்து. சீட்டில் இரண்டு சொட்டு என்று போட்டிருந்தது. சூப்பிரண்டு அரை மூடி ஊற்றினார். மீதி தொட்டியிலேயே கவிழ்ந்தது. தண்ணீர், விரல், பனியன், ஜன்னல் திரை எல்லாம் நீலம். சரி, அப்பனையே பொறுப்பேற்கச் சொல்லலாம் என்று வாளியிலிருந்து எடுத்துத் தொட்டியில் விட்டால், அது மரக்கட்டைக்குப் பின்னால் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கும் மானம் இருக்காதா?

வெள்ளிக்கிழமை முட்டைமேல் பஞ்சுபோலப் பூசணம் படர்ந்திருந்தது.

"கொட்டிடு."

"இதுல பாதி நல்லாத்தாங்க இருக்கு."

"கொட்டுன்னா கொட்டு!"

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். எங்கே கொட்டினாள் என்று அவர் கேட்கவில்லை. கொட்டுவது, கழுவுவது எல்லாம் அவள் இலாகா.

சனிக்கிழமை முழுக்கத் தண்ணீர் மாற்றினார். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். நாளைக்குத் தொட்டி போய்விடும் என்று நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது. அழுகையோடு ஒரு திருட்டு யோசனையும் வந்தது.

ஞாயிறு காலை தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த மீன் கடைக்குப் போனார். இத்தனை நாளும் ஆபீஸ் பியூன்தான் அங்கே போய் வாங்கி வருவான். கடைக்காரருக்கு இவர் முகம் தெரியாது.

"பிளெக்கோ குஞ்சு இருக்கா?"

"நாப்பத்தெட்டு இருக்கு சார். எத்தனை வேணும்?"

"எல்லாத்தையும் கட்டுப்பா!"

மனைவி குளித்துவிட்டு வருவதற்குள் நாற்பத்தெட்டும் தொட்டிக்குள் இருந்தன. அவள் வந்து பார்த்தாள். குனிந்து, இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். ஆனந்தக் கண்ணீர் என்று சூப்பிரண்டு நினைத்துக்கொண்டார்.

பத்து மணிக்கு மைத்துனன் வந்தான். கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான்.

"போன வாரம் ஒண்ணும் இல்லை. இப்போ ஒவ்வொண்ணும் முக்கால் அங்குலம் இருக்கே அத்தான்?"

"கவனிப்புடா, கவனிப்பு! ராத்திரி பகல் பார்க்காம உழைக்கணும். உங்க அக்காவை ஒரு நாள் பார்த்துக்கச் சொல்லு, அத்தனையும் மிதக்கும். பொம்பளைங்களுக்கு இதுக்கெல்லாம் பொறுமை கிடையாது."

"ஒத்துக்கறேன் அத்தான். நீங்க பெரிய ஆளுதான்," என்று மைத்துனன் கும்பிடே போட்டுவிட்டான்.

சூப்பிரண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். பிறந்ததிலிருந்து இப்படி ஒரு கும்பிடை அவர் வாங்கியதில்லை.

வாசல் மணி அடித்தது. மனைவி போய்க் கதவைத் திறந்தாள். கையில் காலிப் பிளாஸ்டிக் பைகளோடு மீன் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, போன வாரம் நீங்க வளர்த்துக் குடுத்த பிளெக்கோ குஞ்சு மொத்தத்தையும் காலையில தொப்பி போட்ட ஒரு புண்ணியவான் அள்ளிட்டுப் போயிட்டாரு, இன்னும் ஒரு அம்பது தேறுமா?"