விசில் அண்ணன் விட்டுக்கொடுத்த சமதளம்

மேகத்தைப் பார்த்து விசில் அடித்து, அதை வந்த வழியே திருப்பி அனுப்பக்கூடிய மனிதர் பழனி மலைத்தொடரில் ஒருவர்தான் இருக்கிறார். கோழி, ஆடு, குரங்கு, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் என்று மற்றவற்றைத் திருப்பி அனுப்புவதை எல்லாம் அவர் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. பண்ணைக்காட்டில் எங்கள் தெருவுக்கு மேலே காப்பிப் பழம் காயவைக்கும் சிமெண்டுக் களம் ஒன்று இருக்கிறது. அதன் காவல்காரர் அவர். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் ஊருக்கே அவர் விசில் அண்ணன்.

நான் அவரிடம் போய் நின்றதற்குக் காரணம் என் மகன் கவினின் கால்கள். இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியும் அவன் நடக்கவில்லை. சுவரைப் பிடித்து நிற்பான்; கையை விட்டால் உட்கார்ந்துவிடுவான். வளர்ச்சியில் பின்தங்கிய சின்னக் குழந்தைகளுக்காக வத்தலக்குண்டில் புதன்கிழமைதோறும் நடக்கும் பயிற்சி மையத்துக்கு அவனைக் கூட்டிப்போனேன். எங்கள் மலையில் பிள்ளையைக் கீழே விடும் வழக்கமே கிடையாது. தெரு முழுக்கப் படியும் சரிவும்தான்; எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வார். அதனால்தான் நடக்கவில்லையா, தப்பு என் மேல்தானா என்று பிசியோதெரபி மேடத்திடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அவர் இல்லை என்றார். நான்காவது தடவை கேட்பதற்குள், "சமதளமா ஒரு இடம் பாருங்க. காலையும் சாயங்காலமும் அரை மணி நேரம் நடக்க விடுங்க. தூக்காதீங்க" என்று என் நோட்டில் எழுதவைத்து அனுப்பினார்.

சமதளம். நான் பிறந்த ஆயக்குடியில் அதற்குப் பஞ்சமே இல்லை. பண்ணைக்காட்டிலோ பந்தைக் கீழே வைத்தால் அடுத்த தெருவில் போய்த்தான் எடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு சமதளம்தான் இருந்தது.

கவினோடு களத்தின் ஓரத்தில் கால் வைத்ததுமே விசில் பறந்தது.

"பழம் காயுது. கோழிகூட இந்தப் பக்கம் வராது. நீ வந்து நிக்கிற?"

"பையன் நடந்து பழகணும்ண்ணே. சமதளமா இடம் வேணும்னு சொல்லிவிட்டாங்க."

"சமதளம் வேணும்னா மதுரைப் பக்கம் வாக்கப்பட்டிருக்கணும். இந்த மலைக்கு எதுக்குத்தா வந்த?"

"அதத்தாண்ணே நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் கவினின் பாதங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பழம் கிளறும் பலகையை எடுத்து, காய்ந்துகொண்டிருந்த பழத்தை இரண்டு பக்கமும் ஒதுக்கி, களத்தின் நடுவே ஒரு பாய் அகலத்துக்குப் பாதை போட்டார்.

"இதுக்குள்ளதான் நடக்கணும். பழத்து மேல கால் பட்டுச்சு, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்."

மறுநாள் வெள்ளனே போனபோது பாதை தயாராக இருந்தது. அதோடு அவரும் தயாராக இருந்தார். என் நோட்டைக் கேட்டு வாங்கி, காவல் நிலையத்தில் புகார் படிப்பது போல ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இடுப்பப் பிடிக்கணும்னு போட்டுக் கெடக்கு. நீ கையப் பிடிக்கிற."

"எழுதினதே நான்தாண்ணே."

"எழுதினா ஆச்சா? பிடிக்கணும்ல."

அன்று முதல் பயிற்சி அவர் வசம் போயிற்று. நோட்டில் இருந்த எண்ணைப் பார்த்து மேடத்துக்கே போன் போட்டார். "காலையில ஏழு மணின்னு போட்டிருக்கீங்க. இங்க ஒம்பது வரைக்கும் தரை ஐஸா கெடக்குது. பிள்ள காலத் தூக்கிக்கிறான். அடிவாரத்துல ஒக்காந்துக்கிட்டு மலைக்கு நேரம் எழுதக் கூடாதும்மா." நான் வெட்கத்தில் பாதி ஆகிவிட்டேன். அடுத்த புதன்கிழமை மேடம் ஏழு என்பதை அடித்துவிட்டு ஒன்பதரை என்று போட்டார்.

பிறகு அவர் அதிகாரம் களத்தைத் தாண்டித் தெருவுக்குள் இறங்கியது. கவினை யார் தூக்கினாலும் மேலே இருந்து விசில் வரும். டீக்கடைக்காரர் தூக்கினார், விசில். அவர் பயந்து போய் இறக்கிவிட்டார்.

"பிள்ளையத்தானண்ணே தூக்கினேன். பணப்பெட்டியவா தூக்கினேன்?"

"ஒஞ் சோலியப் பாரு. அவன் பயிற்சியில இருக்கான்."

என் கணவர் ஒருநாள் நல்ல வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கோட்டுக்குள் இருந்து கவினின் இரண்டு கால்கள் தொங்கின. "பாதிப் படியில அழுதுட்டான். வேற எப்படிக் கொண்டாறது?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் விசில்.

இத்தனை அமர்க்களத்துக்கு நடுவிலும் என் பயம் போகவில்லை. ஒரு மாதம் ஓடியது. பிடித்தால் நடந்தான், விட்டால் உட்கார்ந்தான். நோட்டில் 'இரண்டு அடி' என்று எழுதுவேன். அது அடியா, விழப்போனதா என்ற சந்தேகத்தில் அடித்துவிடுவேன். அடுத்த பரிசோதனைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அதற்குள் நடக்காவிட்டால் என்ன சொல்வார்கள் என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

ஒருநாள் பத்து மணி வாக்கில் பள்ளத்தாக்கில் இருந்து மேகம் ஏறியது. அண்ணன் மூச்சு முட்ட விசில் அடித்தார். மேகம் அன்றைக்கு மதிக்கவில்லை. "படுதாவப் பிடித்தா, வெரசா" என்று கத்தினார். கவினைச் சுவரோரம் நிறுத்திவிட்டு ஓடி, பழத்தை மூடும் படுதாவின் ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனையில் இருந்த அண்ணன் இழுக்காமல் நின்றுவிட்டார். அவர் பார்த்த பக்கம் திரும்பினேன்.

கவின் சுவரை விட்டிருந்தான். பாதையை அவன் மதிக்கவில்லை. காய்ந்த பழத்தின் மேலேயே, கைகளை விரித்துக்கொண்டு, உருளும் பழத்தில் தள்ளாடித் தள்ளாடி அண்ணனை நோக்கிப் போனான். நான் ஓடப்போனேன். அண்ணன் ஒரு கையை நீட்டி என்னை அங்கேயே நிறுத்தினார். தூறல் விழ ஆரம்பித்தது. களத்தின் நடுவில் பொத்தென்று உட்கார்ந்து, ஒரு பழத்தை எடுத்துப் பார்த்துக் கவின் சிரித்தான்.

"எண்ணுனியா?" என்று கேட்டார் அண்ணன்.

"ஏழுண்ணே."

"எட்டு. ஒக்காரறதுக்கு வச்சதும் அடிதான். நோட்டுல எட்டுன்னு போடு. அடிக்காத."

அன்றைக்குப் பாதிப் பழம் நனைந்தது. களத்து முதலாளி வந்து சத்தம் போட்டார். "பழம்தான, திருப்பிக் காயப் போட்டாக் காயும். இது திரும்ப வருமா?" என்றார் அண்ணன். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை.

பரிசோதனை நாளன்று விடியற்காலையில் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றால், வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக அவர் எங்களுக்கு முன்னால் நின்றார். பறிப்புக் காலத்தில் களத்தை விட்டு அவர் இறங்கி யாரும் பார்த்ததில்லை. மையத்தில் மேடம் முன்னால் கவின் பதினோரு அடி நடந்தான். "இனி பேச்சுப் பயிற்சியும் சேத்துக்கலாம். கொஞ்ச நாள் ஆகும், ஆனா வருவான்" என்றார் மேடம். பிறகு புதிய படிவம் ஒன்றை நீட்டினார். குழந்தையுடன் வந்தவர் பெயர் என்று ஒரு இடம். அப்போதுதான் அவர் பெயரே எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. கேட்டேன். கூச்சத்தோடு காதருகே சொன்னார். அதை இங்கே எழுதினால் எங்கள் வீட்டுக்கே வந்து விசில் அடிப்பார்.

அடுத்த இடம் உறவு. நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இதுல என்னத்தா யோசன? பின்னாடி ஆளுக நிக்கிறாக பாரு."

கூடப் பிறந்தவர் என்று எனக்கு ஒருவரும் கிடையாது. தாய்மாமன் என்று எழுதினேன். அடிக்கவில்லை.