ஜன்னல் அண்ணாச்சியின் கால்

தான் சாகவில்லை என்று நிரூபிப்பதையே தினசரி வேலையாக வைத்திருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஜன்னல் அண்ணாச்சி. அந்த வேலையில் அவர் ஒரு நாள்கூட ஜெயித்ததில்லை.

திருவாங்கூரும் கொச்சியும் சேர்ந்து திருக்கொச்சி ராஜ்யமாக இருந்த காலம். மூட்டுக் காய்ச்சல் வந்து என் இதயத்தைத் தொட்டிருந்தது. மாதம் ஒரு ஊசி. தவறினால் காய்ச்சல் திரும்பும், இதயம் இன்னும் கெடும் என்று டாக்டர் என் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அதனால் திருவனந்தபுரத்துக் குழந்தைகள் வார்டு எனக்கு இன்னொரு வீடு. பதினாலு வயது முடிந்தால் முற்றத்துக்கு அந்தப் பக்கம், பெரியவர்கள் வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். நடுவில் ஒரு பலாமரம். மரத்தை ஒட்டிப் பிணவறை.

அந்தப் பக்கம் போன பையன் ஒருவனும் எங்களிடம் திரும்பி வந்ததில்லை. வளர்ந்தவர்களைக் குழந்தைகள் வார்டுக்குள் விடமாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். அது எங்களுக்குத் தெரியாதே. பலாமரத்தைத் தாண்டினால் கதை முடிந்தது என்று கட்டில் கட்டிலாகப் பேசிக்கொண்டோம்.

இந்த நம்பிக்கையைப் போக்கத்தான் அண்ணாச்சி கிளம்பினார். வயது இருபதுகூட இருக்காது. ஆரியசாலைக் கடைத்தெருவில் வத்தல் மிளகாய் மண்டியில் வேலை பார்த்ததால் அண்ணாச்சி ஆகிவிட்டார். எங்களைப் போலவே நோயாளி. முன்பு இதே வார்டில் கிடந்தவர். சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது ஆஸ்பத்திரியின் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, சுண்ணாம்பாய் வெளுத்த முகத்தோடு, சத்தமே இல்லாமல் எங்கள் ஜன்னலில் வந்து நிற்பார். பயத்தைப் போக்க இதைவிட நல்ல வேஷம் கிடைக்குமா?

"எடே, நான் சாவல. தொட்டுப் பாருங்க."

ஒருவன் தொட்டான். பனிக்கட்டி. அவன் அலறியதில் மற்றவர்கள் தொடாமலே அலறினார்கள்.

மறுநாள் முறுக்கோடு வந்து கடித்துக் காட்டினார். "பேய்க்கும் பசிக்குமே," என்றாள் ஒரு சிறுமி. "கால் எங்க? பேய்க்குத்தான் கால் கிடையாது."

நியாயமான கேள்வி. ஜன்னல் உயரத்தில் அவருடைய இடுப்புக்குக் கீழே எங்களுக்கு எதுவும் தெரியாது. அண்ணாச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார். கட்டைவிரல் மட்டும் ஒரு கணம் தெரிந்தது. அப்புறம் கால், முகம், துப்பட்டி எல்லாம் மறைந்து, ஒரு வெள்ளைக் கை மட்டும் மெல்ல மேலே எழுந்தது. அன்று வார்டில் யாரும் சாப்பிடவில்லை.

எனக்குப் பதினாலு முடிந்தது. "எனக்குச் சொஸ்தமாயாச்சு, இனி ஆஸ்பத்திரி வேண்டாம்," என்று வீட்டில் சொல்லிவிடத் தீர்மானித்திருந்தேன். அண்ணாச்சி எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். கம்பி வழியே என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நானும் இப்படித்தாம்டே சொன்னேன். பலாமரத்துக்குப் பயந்து ரெண்டு வருஷம் ஊசி போடல. அதாக்கும் இந்தக் குளிரு. நீ வா மக்கா. நான் கூட நடக்கேன்."

நடந்தார். பலாமரத்தடியில் காற்றே இல்லை. ஆனாலும் இலைகள் அசைவதுபோல் இருந்தது. என் கையிலிருந்த அந்தக் குளிரை மட்டும் நம்பி நடந்தேன்.

"அங்க அம்மைகிட்ட கேக்கமாட்டாங்க, உன்கிட்டதான் கேப்பாங்க. வாயில கொழுக்கட்டைய வச்சிட்டு நிக்காத, கேட்டியா?"

பெரிய டாக்டர் முன்னால் வாயில் கொழுக்கட்டைதான். முதுகில் ஒரு குளிர்ந்த கை தட்டியது. வந்த காய்ச்சல், வீங்கிய மூட்டு, அடுத்த ஊசி எப்போது என்பது வரை எல்லாவற்றையும் நானே சொல்லி முடித்தேன்.

சில மாதங்கள் கழித்து ஊசிக்குப் போனபோது அண்ணாச்சியின் கட்டிலில் விரிப்பு இல்லை. மலையாளத்து நர்ஸிடம் கேட்டேன். "போயி மோனே," என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலமாகியும் எனக்கு வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. கால்கள் தாமாகவே பலாமரத்தைத் தாண்டிக் குழந்தைகள் வார்டு ஜன்னலுக்குப் போயின. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது.

"ஜன்னல் அண்ணாச்சி வந்தாச்சு!"

நான் மறுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிக் காட்டினேன். விழவேண்டியவன்தான். யாரோ முதுகைத் தாங்கியது போலிருந்தது. சட்டைக்குள் சில்லென்று ஏறியது. அத்தனை பிரியமான குளிரை அப்புறம் நான் உணர்ந்ததே இல்லை.