இக்னேஷியஸின் கைக்கட்டு

எல்சி ஒண்ணாங் கிளாஸ் பாஸ்.

இக்னேஷியஸுக்கு வந்த பெருமைக்கு ராயபுரத்துத் தெருக்களின் அகலம் போதவில்லை. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற மனுஷர். அவருடைய அப்பா, அப்பாவுக்கு அப்பா எல்லாரும் கடலோடு மல்லுக்கட்டியவர்கள். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர்கள். அந்தக் குடும்பத்தில் ஆறு வயதுப் பெண் ஒரு வகுப்பை முழுசாக முடித்திருக்கிறாள்.  பெருமையோடு கூடவே ஒரு பயமும் வந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அறுபத்தொன்பதாம் வருஷத்து ஏப்ரல் மாதம் அது. மார்க் அட்டையை நேரில் போய், கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும். காலாண்டுக்கும் அரையாண்டுக்கும், ஐந்தாவது வரை படித்த அவர் மனைவி ஆலிஸ் போய்ப் போட்டாள். இந்தத் தடவை நைனாதான் வரவேண்டும் என்று எல்சி ஒற்றைக் காலில் நின்றாள். இக்னேஷியஸுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. அது ஆலிஸுக்குத் தெரியும். துறைமுகத்துக்குத் தெரியும். எல்சிக்கு மட்டும் தெரியாது.

தெரியக்கூடாது என்பதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. தினமும் காலையில் டீக்கடைப் பேப்பரை இரவல் வாங்கி வந்து மகள் எதிரில் விரிப்பார். படத்தில் இருக்கிற ஆளின் தலை மேலே இருந்தால் பேப்பர் நேராக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு துறைமுகத்தில் காதில் விழுந்ததையெல்லாம் கண்ணால் படிப்பதுபோல அவிழ்த்துவிடுவார். கிரேக்கக் கப்பல் வந்து சேர்ந்தது. எண்ணூர்ப் பக்கம் படகு நீளச் சுறா பிடிபட்டது. எல்சி கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவர் எந்தப் பாவத்தையும் செய்வார். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை மட்டும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடம் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி வீட்டுக்குள் வந்தார். வின்ச் கம்பி கிழித்துவிட்டது, கட்டுப் போடு என்றார். ஆலிஸ் பழைய வேட்டியைக் கிழித்து, காயத்தைக்கூடப் பார்க்காமல், மணிக்கட்டுவரை சுற்றி முடிச்சுப் போட்டாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆலிஸ் கேள்வி கேட்காத நாள் கல்யாண நாள் ஒன்றுதான். அன்றைக்குக் கேட்க வேண்டியதைப் பாதிரியார் கேட்டுவிட்டார். இக்னேஷியஸ் அப்போதே உஷாராகியிருக்கவேண்டும்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ரோசி வந்தாள். ஜூனில் அவள் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள். எல்சியின் சிலேட்டையும் ஒண்ணாங் கிளாஸ் புத்தகத்தையும் கேட்டாள். ஒரு பிள்ளை படித்து முடித்ததை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது அந்தச் சந்தின் வழக்கம்.

"இல்ல ரோசி. எங்க வூட்லயே தேவ கீது" என்றாள் ஆலிஸ்.

யாருக்குத் தேவை? அடுத்த குழந்தையோ என்று இக்னேஷியஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாம் அவர் போட்ட திட்டப்படியே நடந்தது. சிஸ்டர் கைக்கட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பரவாயில்லை, இடது கட்டைவிரலை வைத்தால் போதும் என்றார். மை டப்பாவைத் தேடி எடுத்துத் திறந்ததுதான் தாமதம், இக்னேஷியஸின் கட்டைவிரல் தானாகப் போய் மையில் விழுந்தது. அளவாகத் தொட்டு, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு உருட்டு உருட்டி எடுத்தது. ரேகை ஒன்றுகூடக் கலையவில்லை. அதோடு விட்டிருக்கலாம். பதினைந்து வருஷமாகச் சம்பள நாளில் கைநாட்டு வைத்த பழக்கம் விடவில்லை. கையைத் தூக்கி, விரல் மையைப் பின்தலை முடியில் தேய்த்துத் துடைத்துக்கொண்டார்.

எல்சி அவர் விரலைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள். 

வழியெல்லாம் அவள் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பெரிய பெரிய பெட்டிகளை அந்தரத்தில் தூக்கி, ஒரு கீறல் விழாமல் இறக்குகிறவர் அவர். மகள் மனதில் ஏற்றி வைத்திருந்த தன்னையே அன்று கீழே போட்டுவிட்டார். அழுகை வந்தது. நடுத்தெருவில் எப்படி அழுவது?

வீட்டில் ஆலிஸ் கட்டை அவிழ்த்தாள். கையில் காயமில்லை. அவள் துணியை உதறி மடித்து வைத்தாள்.

"பாப்பாவுக்குத் தெரிஞ்சி பூட்ச்சிமே" என்றார் மெதுவாக.

"அவுளுக்குப் பொங்கல்லருந்தே தெரியும்யா."

பொங்கலுக்கு மறுநாள் அவர் சுறாவைப் படித்துக்கொண்டிருந்தபோது, எல்சி தோளுக்குப் பின்னால் நின்று கொட்டை எழுத்தைக் கூட்டிப் படித்திருக்கிறாள். அது சோப்பு விளம்பரம். ஓடிப்போய் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். நைனாவிடம் மூச்சுவிடாதே என்று ஆலிஸ் சொல்லிவைத்திருக்கிறாள். ஆக, அவர் மறைத்தது தெரியும் என்பதையே மூன்று மாதமாக அவர்கள் அவரிடமிருந்து மறைத்திருக்கிறார்கள்.

"அப்பறம் எதுக்கு தெனம் ஒக்காந்து கேட்டுகினு இருந்த?" என்று மகளைக் கேட்டார்.

"பேப்பர்ல சுறா இல்ல நைனா. நீ சொல்றதுலதான் கீது."

இக்னேஷியஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் ரோசிக்குக் கொடுக்காத சிலேட்டும் புத்தகமும் மடியில் வந்து உட்கார்ந்திருந்தன.

"நானாச் சொல்லியிருந்தா நீ படிக்க ஒக்காருவியா? அதான் நைனாவ இட்டுகினு போன்னு இவகிட்டச் சொன்னேன்" என்றாள் ஆலிஸ்.

சாக்குச் சொல்லக் கையில் கட்டும் இல்லை. எல்சி மேல்வரியில் 'அ' எழுதிக் கொடுத்தாள். அவர் கீழே எழுதினார். அது சுறாவைப்போல வாலை ஆட்டிக்கொண்டு சிலேட்டின் ஓரத்துக்கே போய்விட்டது. விரலில் எச்சில் தொட்டு அழிக்கப் போனார். கையில் பட்டென்று எல்சியின் அடி விழுந்தது.

"எச்சி தொட்டு அழிக்கக்கூடாது. இன்னொரு தபா பார்த்தேன், முட்டி போடணும்."

வின்ச்மேன் இக்னேஷியஸ் கையைக் கட்டிக்கொண்டு, "சரி டீச்சர்" என்றார்.