பட்டுவின் ஹெல்மெட்டும் கீழ் வீடும்

மூன்றாவது 'டொக்'குக்குப் பிறகு லிஃப்ட் மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டான். நாலாவது வந்தது. ஐந்தாவதும் வந்தது. அப்புறம் குழந்தைக் கட்டிலில் சத்தம் நின்றது.

"தூங்கிடு பட்டு. அப்பா பாவம்ல?" என்று கிசுகிசுத்தான்.

பட்டுவின் கண் சொருகும் நேரம் பார்த்துக் கீழேயிருந்து வந்தது. டொக், டொக், டொக், டொக், டொக். சரியாக அவன் பாதத்துக்கு அடியில், கீழ் வீட்டுக் கூரையில் யாரோ கம்பால் இடித்தார்கள்.

பட்டு கண்ணை விழித்து அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"போச்சுடா," என்றான் அவன்.

பட்டுவுக்கு ஏழு மாதம். ஒரே பக்கமாகப் படுத்துப் படுத்துப் பின்னந்தலை ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. அதைச் சரிக்கட்ட டாக்டர் ஹெல்மெட் போடச் சொல்லிவிட்டார். நாளுக்கு இருபத்து மூன்று மணி நேரம், நாலு மாதம். குளிப்பாட்ட மட்டும் கழற்றலாம். தூங்குமுன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிற குழந்தை, அந்த ஹெல்மெட்டைக் கட்டில் கம்பியில் இடித்து இடித்துத்தான் தூங்கும் என்பதை டாக்டர் சொல்லவில்லை. அவர் வீட்டுக் கூரைக்கு மேலா நடக்கிறது இதெல்லாம்?

மனைவி ஆறு மாதப் பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போயிருந்தாள். அவன் நீண்ட லீவு போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று இந்த இரண்டாம் மாடிக்குக் குடிவந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. தெருவில் ஒருவரையும் தெரியாது. மருந்துக்கடைக்காரர் "டயப்பர் என்ன சைஸ்?" என்று கேட்பார். இவன் "மீடியம்" என்பான். பல நாள் பெரியவர்களோடு அவன் நேரில் பேசியது அவ்வளவுதான். ஒருமுறை பேச்சை வளர்க்கலாமே என்று, "லார்ஜ் எப்போங்க மாத்தணும்?" என்று கேட்டான். "பாக்கெட்லயே போட்டிருக்கு," என்றார் அவர்.

வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கர் வேறு சாவியைக் கொடுக்கும்போதே எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்.

"வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு கண்டிஷன் சார். கீழ் வீட்டுலேர்ந்து கம்ப்ளெயின்ட் வரக் கூடாது. முன்னாடி இருந்தவங்க ஒரே மாசத்துல காலி பண்ணிட்டாங்க."

ஹெல்மெட்டைக் கழற்றினால் தலை போகும். கழற்றாவிட்டால் வீடு போகும். கைக்குழந்தையோடு இன்னொரு வீடு தேடுவது அவனால் ஆகிற காரியமில்லை.

பதினெட்டு வருட உத்தியோகத்தில், யாராவது தட்டினால் அவனுக்கு ஒரே அர்த்தம்தான். ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, அதற்கு அவன்தான் பொறுப்பு. நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து யாரும் அவனை நலம் விசாரிக்கத் தட்டியதில்லை.

முதல் வேலையாகக் கட்டில் கம்பிகளைத் துண்டால் சுற்றினான். பட்டு தலையை ஆட்டினாள். சத்தம் வரவில்லை. மறுபடி ஆட்டினாள். வரவில்லை. தன் சொத்தை எவனோ திருடிவிட்டான் என்கிற மாதிரி ஊரைக் கூட்டி அழ ஆரம்பித்தாள். டொக் டொக்கே தேவலை என்று ஆகிவிட்டது.

அடுத்த நாள் மெத்தையைத் தரையில் விரித்தான். இடிக்கக் கம்பியே இல்லையே! ஆனால் பட்டு உருளக் கற்றிருந்தாள். ஒரே உருட்டலில் மெத்தையை விட்டிறங்கி, வெறும் தரையில் 'டங்' என்று ஹெல்மெட்டைப் போட்டாள். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் ஹெல்மெட் இருக்கிறதே! நாலு டங். அந்தச் சத்தத்தில் அவளுக்கே பரம திருப்தி. கீழேயிருந்தும் நாலு வந்தது, முன்னெப்போதையும்விடப் பலமாக.

பயந்துபோய்ப் புரோக்கருக்குப் போன் போட்டான்.

"கீழேர்ந்து ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லையே சார். ஏன், என்ன பண்றீங்க மேல?"

"ஒண்ணும் பண்ணலையே."

"ஒண்ணும் பண்ணாத ஆளு எதுக்குக் கேக்கறீங்க? எதுக்கும் வீட்டுக்காரர் காதுல ஒரு வார்த்தை போட்டு வைக்கறேன்."

"ஐயையோ, வேண்டாங்க!" என்பதற்குள் லைன் போய்விட்டது.

அன்று மாலையே ஹெல்மெட்டின் மேல் தடியான கம்பளிக் குல்லாவை மாட்டினான். சத்தம் பாதியாகக் குறைந்தது. இரண்டே நாளில் நெற்றி முழுக்க வேர்க்குரு. ஆஸ்பத்திரியில் ஹெல்மெட் செய்து கொடுத்த டெக்னீஷியன் பெண் குல்லாவை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் கேட்டாள்.

"இது என்ன சார்?"

"சைலன்சர்ங்க."

"குழந்தை தலை சார் இது. பைக் இல்ல."

அவள் கோபமாகப் பேசினாலும், அங்கிருந்து கிளம்ப அவனுக்கு மனமே வரவில்லை. முழுசாகப் பத்து நிமிடம் ஒரு மனுஷி அவனோடு பேசியிருக்கிறாள். ஸ்ட்ராப்பை எப்படிப் போடுவது என்று தெரிந்ததையே மூன்று தடவை கேட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

மறுநாள் மதியம் பட்டு மூன்று டொக் போட்டாள். கீழேயிருந்து மூன்று. அவனுக்குப் பொறுமை எல்லை மீறியது. குதிகாலால் தரையில் இரண்டு உதை விட்டான். கீழேயிருந்து இரண்டு. ஆறு விட்டான். ஆறு. ஏழாவதாக ஒன்று விட்டான். உடனே ஒன்று.

"சரியான சண்டைக்கார ஆளா இருப்பான் போல," என்றான் பட்டுவிடம்.

பனியனும் முறுக்கு மீசையுமாக ஓர் ஆள் நாற்காலி மேல் ஏறி நின்று, கையில் கம்போடு கூரையை முறைத்துக்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றியது. அதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. அந்த வாரத்தில் அவன் செய்த ஒன்றுக்கு இவ்வளவு உடனே பதில் கொடுத்தது அந்த ஆள் மட்டும்தான். அது கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது. தனக்கு எதுவோ ஆகிக்கொண்டிருக்கிறது என்று பயந்து, உதைப்பதை நிறுத்திவிட்டான்.

கடைசியாக ஒரே வழிதான் மிஞ்சியது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பட்டுவை நெஞ்சில் போட்டுக்கொண்டான். அவள் ஆட்டிய ஆட்டத்தில் ஹெல்மெட் அவன் தாடையில் இடித்தது. காறை எலும்பில் இடித்தது. எலும்பில் இடித்தால் வீட்டுக்கு வெளியே கேட்பதில்லை. பட்டு தூங்கினாள். தினம் இரண்டரை மணி நேரம், மூக்கு அரித்தால்கூடச் சொறியாமல், எட்டாத தூரத்தில் அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தான்.

மூன்றாம் நாள் வீடியோவில் வந்த மனைவி திடுக்கிட்டாள்.

"என்னங்க இது, தாடையெல்லாம் நீலமா இருக்கு! யாரு அடிச்சா?"

"உன் பொண்ணு."

"விளையாடாதீங்க. அக்கம்பக்கத்துல ஏதாவது தகராறா?"

"அக்கம்பக்கம்னு ஒண்ணு இருந்தாத்தானே தகராறு வர்றதுக்கு?" என்றான். சிரிப்பதற்காகத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

நாலு நாள் இப்படிப் போயிற்று. மேலேயிருந்து ஒரு டொக் இல்லை. கீழேயிருந்தும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட வேண்டிய மனது, வெறிச்சென்று கிடந்தது. மதியம் இரண்டு மணியானால் காது தானாகத் தரைப் பக்கம் போய்விட்டு வந்தது.

ஐந்தாம் நாள் மதியம் வாசல் மணி அடித்தது.

பட்டு நெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை அப்படியே அணைத்துக்கொண்டு மெல்ல எழுந்து, மூன்று எட்டு வைத்துக் கதவைத் திறந்தான். மீசையும் இல்லை, பனியனும் இல்லை. எழுபது வயதிருக்கும், ஒல்லியான ஒரு பெண்மணி ஊன்றுகோலோடு நின்றார். மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

"கீழ் வீடு தம்பி. தனியாத்தான் இருக்கேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷம் ஆபரேட்டரா இருந்தேன்."

அவன் அவசரமாகக் குறுக்கிட்டான்.

"அம்மா, முதல்ல என்னை மன்னிச்சிடுங்க. குழந்தையோட ஹெல்மெட் அது, கம்பியில இடிக்கும். உங்களுக்கு எவ்வளவு தொந்தரவுன்னு எனக்குத் தெரியும். வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நாலு நாளா ஒரு சத்தம் வரல பாருங்க!"

"ஆமா, வரல," என்றார் அந்த அம்மா. குழந்தையின் ஹெல்மெட்டையும் அவன் நீலத் தாடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இனிமேலும் வராதும்மா. நான் கேரண்டி."

"இனிமேலும் வராதா?"

"சத்தியமா வராது."

அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. ஊன்றுகோலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, குழந்தை எழுந்துவிடாதபடி மிக மெல்லக் கேட்டார்.

"நீங்க தட்டத் தட்ட நானும் பதிலுக்குத் தட்டிட்டுத்தானே தம்பி இருந்தேன்... நான் ஏதாவது தப்பாத் தட்டிட்டேனா?"